இருபத்தைந்தில் ஒன்று

2008 ஜனவரி 30-ந் தேதி, இந்திய நேரப்படி மாலை நாலரை மணி வாக்கில், செவ்வாய் கிரகத்தின் நடுக்கோட்டுப் பக்கம் எங்கோ ஓரிடத்தில் 800 மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கலாம். விழவில்லை. விழாத பள்ளத்தைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று கேட்பீர்கள். விழுந்திருந்தால் விஞ்ஞானிகள் மலைமலையாக எழுதிக் குவித்திருப்பார்கள். விழாததால்தான் என் போன்றவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

கல்லின் பெயர் 2007 டபிள்யூ.டி.5. கார் நம்பர் போலத் தெரிந்தாலும் இந்தப் பெயருக்குப் பொருள் உண்டு. டபிள்யூ என்றால் நவம்பர் மாதத்தின் பின்பாதி. டி.5 என்பது அந்தப் பதினைந்து நாளில் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் இது 129-வது என்று சொல்லும் வரிசைக் குறி. இரண்டு வாரத்தில் நூறுக்கு மேல் என்றால், சிறுகோள் கண்டுபிடிப்பது எவ்வளவு சாதாரண வேலையாகிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். (ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆர். ராஜமோகன் 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தபோது அது பெரிய செய்தி. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். எண் 4130.)

நவம்பர் 20-ந் தேதி அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் லெம்மன் மலைத் தொலைநோக்கியில் இந்தக் கல் சிக்கியது. கண்டவர் ஆந்த்ரேயா போவட்டினி. குறுக்களவு சுமார் 50 மீட்டர். கொஞ்சம் பெரிய கல்யாண மண்டபம் ஒன்று விண்வெளியில் உருண்டு போவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு சங்கதி தெரிந்தது. நவம்பர் 1-ந் தேதியே அது பூமியை 75 லட்சம் கி.மீ. தூரத்தில் கடந்து போயிருந்தது. நிலவு இருக்கும் தூரத்தைப் போல இருபது மடங்கு என்பதால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் வந்தபோது பார்க்கவில்லை, போன பிறகுதான் முதுகைப் பார்த்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது போய்க்கொண்டிருந்த திசையில் செவ்வாய் இருந்தது.

டிசம்பர் 21-ந் தேதி, நாஸாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் பூமிக்கு அருகே வரும் கற்களைக் கண்காணிக்கும் பிரிவு ஓர் எண்ணை வெளியிட்டது. கல் செவ்வாயில் மோதுவதற்கு 75-ல் ஒரு பங்கு சாத்தியம். இதற்கிடையே அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டி பக்கெட், ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் பழைய படங்களைத் துழாவினார். நவம்பர் 8-ந் தேதி, அதாவது கல்லுக்குப் பெயரே வைக்கப்படாத நாளில், அது தற்செயலாகப் படத்தில் விழுந்திருந்தது. அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டதும் டிசம்பர் 28-ந் தேதி எண் எகிறியது: 25-ல் ஒன்று. சதவீதத்தில் ஏறக்குறைய 4. ஜனவரி 2-ந் தேதி 28-ல் ஒன்று. 8-ந் தேதி 40-ல் ஒன்று. மறுநாள் 9-ந் தேதி 10,000-ல் ஒன்று. கதை முடிந்தது. ஜனவரி 30-ந் தேதி கல் செவ்வாயின் மையத்திலிருந்து சுமார் 26,000 கி.மீ. தள்ளித் தன் பாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் கடைசிக் கணக்கு.

நம் ஊரில் செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் தள்ளிப்போனவர்கள் எத்தனையோ பேர். செவ்வாய்க்கே ஒரு தோஷம் வந்து மூன்று வாரத்தில் கழிந்துபோனது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இந்த மூன்று வாரத்தில் நான் பார்த்த வேலை மொழிபெயர்ப்பு. செய்தி ஏஜென்சிகள் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழில் தர வேண்டும். மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. ‘75-ல் ஒரு பங்கு’க்கு அடுத்து என்ன சொல்லைப் போடுவது என்பதில்தான் பேனா நின்றது. ‘வாய்ப்பு’ என்று எழுதலாம். ஆனால் தமிழில் வாய்ப்பு என்றால் நல்லது. வேலைவாய்ப்பு, சினிமாவில் வாய்ப்பு. ‘செவ்வாயில் கல் மோதும் வாய்ப்பு’ என்றால் கல்லுக்கு யாரோ சான்ஸ் கொடுத்த மாதிரி இருக்கிறது. ‘அபாயம்’ என்று போட்டால் யாருக்கு அபாயம் என்று கேள்வி வரும். அங்கே ஒரு ஈ எறும்பு இருப்பதாகக்கூட இன்றுவரை நிரூபணம் இல்லை. ‘சாத்தியம்’ ஓரளவு நடுநிலையான சொல்தான். ஆனால் அது கதவு மாதிரி. ஒன்று திறந்திருக்கும், இல்லையென்றால் சாத்தியிருக்கும். நாலு சதவீதம் திறந்த கதவு என்று ஒன்று உண்டா? பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் ‘நிகழ்தகவு’ என்று அழகான சொல் இருக்கிறது. நிகழத் தகும் அளவு. கச்சிதம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். செய்தியில் அதைப் போட்டால், சாப்பிடும்போது கல் அகப்பட்ட மாதிரி நெளிவார்கள் என்றார் எங்கள் மேசையின் மூத்தவர்.

வினைச்சொல்லிலும் இதே கஷ்டம். ‘மோதலாம்’ என்றால் கல்லுக்கு அனுமதி கொடுத்தது போலவும் இருக்கும். ‘மோதக்கூடும்’ பரவாயில்லை. சென்னை வானிலை மையத்தார் ‘ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்’ என்று பல காலமாகச் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு பழக்கம் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் தலைப்பில் ‘கூடும்’ ஒருநாளும் தங்காது. இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படும் சொல் அது. மிஞ்சுவது ‘செவ்வாயில் மோதும் விண்கல்’. தமிழ் இலக்கணத்தில் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைக்கு ஒரு விசேஷம் உண்டு. சூரியன் கிழக்கே உதிக்கும். நாளை மழை பெய்யும். எங்கள் கட்சி ஆட்சியைப் பிடிக்கும். மூன்றும் ஒரே விகுதி. உறுதியும் ஊகமும் ஆசையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. தலைப்பைப் படித்தவர் கல் மோதப்போகிறது என்றே எடுத்துக்கொள்வார். பிறகு ‘மோதாது’ என்று செய்தி வரும்போது, விஞ்ஞானிகள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவார்.

அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அந்த எண் அப்படித்தான் ஏறி இறங்க வேண்டும். இதை விளக்க ஒரு தெரு போதும்.

75 வீடுகள் உள்ள ஒரு தெருவில் யாரோ சாவியைத் தொலைத்துவிட்டார். எந்த வீட்டு வாசலிலும் கிடக்கலாம். உங்கள் வாசலில் கிடக்க 75-ல் ஒரு பங்கு சாத்தியம். நாலு பையன்கள் தேடுகிறார்கள். ஐம்பது வாசல் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. பாக்கி 25 வீடு. அதில் உங்களுடையதும் ஒன்று. இப்போது சாத்தியம் 25-ல் ஒன்று. சாவி நகரவே இல்லை. உங்கள் வீடும் நகரவில்லை. ஆனால் எண் மூன்று மடங்காகிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில் சாவி கிடைக்கிறது. உங்கள் எண் சட்டென்று பூஜ்யம்.

வானத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கல் ஒரு பாதையில்தான் போகிறது. அது எந்தப் பாதை என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியாததால், சாத்தியமுள்ள பாதைகளையெல்லாம் ஒரு கற்றையாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கற்றை செவ்வாயை நெருங்கும் இடத்தில் பல லட்சம் கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. செவ்வாயின் குறுக்களவோ 6,800 கி.மீ.க்குள். புதிதாக ஒவ்வொரு இரவு கவனிக்கும்போதும் கற்றை சுருங்கும். சுருங்கிய கற்றைக்குள்ளே செவ்வாய் இன்னமும் இருக்கும்வரை, அது அடைத்துக்கொள்ளும் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு வித்தியாசம் உண்டு. தெருவில் எல்லா வாசலும் சமம். கற்றையில் நடுப்பகுதிக்கு மதிப்பு அதிகம், ஓரத்துக்குக் குறைவு. ஜனவரி முதல் வாரத்தில் செவ்வாய் கற்றையின் ஓரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் 28, 40 என்று இறங்கி, பிறகு ஒரே நாளில் 10,000. ஆக, 25-ல் ஒன்று என்ற எண் கல்லைப் பற்றிய தகவல் என்பதைவிட, டிசம்பர் 28-ந் தேதி மனிதருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைப் பற்றிய தகவல்.

இதில் வேடிக்கை, விஞ்ஞானிகள் இந்தக் கல் மோத வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் என்பது. அப்போது செவ்வாயை அமெரிக்காவின் இரண்டு விண்கலங்களும் ஐரோப்பாவின் ஒன்றும் சுற்றிக்கொண்டிருந்தன. தரையில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு ஊர்திகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கல் விழக்கூடிய பட்டைக்கு வெளியே ஆப்பர்சூனிட்டி பத்திரமாக நின்றது. அரங்கம் தயார், காமிரா தயார். வினாடிக்கு 13.5 கி.மீ. வேகம், சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு நிமிடம் சொச்சத்தில் போய்ச் சேரும் வேகம். மோதியிருந்தால் 30 லட்சம் டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமமான ஆற்றல். ஹிரோஷிமா குண்டைப் போல 200 மடங்கு.

1908 ஜூன் 30-ந் தேதி சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேலே வெடித்தது ஏறத்தாழ இந்த அளவுக் கல்தான் என்று கருதப்படுகிறது. அங்கே 2,000 சதுர கி.மீ. காடு சாய்ந்தது. ஆனால் பள்ளம் விழவில்லை. பூமியின் காற்று அதைத் தரைக்கு வருமுன்னே வெடிக்க வைத்துவிட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே கல் நேராகத் தரையில் இறங்கும். பல கோடி ஆண்டு மூடிக்கிடக்கும் மண்ணை ஒரு நொடியில் தோண்டிக் காட்டும். மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில் லோணார் ஏரி இருக்கிறது. 1.8 கி.மீ. அகலம், எரிமலைப் பாறையில் விண்கல் தோண்டியது. செவ்வாயின் பள்ளங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அங்கே வந்து கல் பொறுக்கிப் போகிறார்கள். எப்போதோ விழுந்த பள்ளத்தை வைத்துக்கொண்டு யோசிப்பதற்கும், விழும்போதே பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாழன் கிரகத்தில் 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரத்தின் துண்டுகள் ஒரு வாரம் வரிசையாக வந்து மோதியதை உலகமே பார்த்தது. ஆனால் வியாழனில் மோதுவதற்குத் தரையே இல்லை.

அவர்கள் ஆசை பதின்மூன்று ஆண்டு கழித்துச் சிறிய அளவில் நிறைவேறியது. 2021 டிசம்பர் 24-ந் தேதி, செவ்வாயின் தரையில் நில அதிர்வுமானியோடு உட்கார்ந்திருந்த இன்சைட் கலம் 4 ரிக்டர் அளவு அதிர்வு ஒன்றைப் பதிவு செய்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு சுற்றுக்கலம் எடுத்த படங்களை முன்னும் பின்னுமாக ஒப்பிட்டபோது, முதல் நாள் இல்லாத ஒரு கறுப்பு வடு அமேசானிஸ் சமவெளியில் தெரிந்தது. 150 மீட்டர் அகலம், 21 மீட்டர் ஆழம். பள்ளத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஐஸ் கட்டிகள் சிதறிக் கிடந்தன. துருவத்திலிருந்து அவ்வளவு தள்ளி, நடுக்கோட்டை நோக்கி அவ்வளவு தூரத்தில் மண்ணுக்கடியில் ஐஸ் இருப்பதைக் கல் தோண்டிக் கொடுத்தது. என்றாவது மனிதர் அங்கே போனால் குடிக்கத் தண்ணீர் வேண்டும் அல்லவா? இதைச் செய்த கல்லின் குறுக்களவு 5 முதல் 12 மீட்டர். இது வருவது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 75-ல் ஒன்று, 25-ல் ஒன்று என்ற எந்த எண்ணும் அதற்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கு மோதல் பயம் வந்து இந்தியாவுக்கும் வியர்த்த கதை ஒன்று உண்டு. 2013 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஸைடிங் ஸ்பிரிங் ஆய்வுக்கூடத்தில் ஒரு வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. 2014 அக்டோபர் 19-ந் தேதி அது செவ்வாயை உரசிக்கொண்டு போகும் என்றது கணக்கு. மோதுவதற்கும் ஒரு சின்ன சாத்தியம் இருந்தது. ஏப்ரலுக்குள் அது 1,20,000-ல் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் கிளம்பியது. 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. புது வீட்டில் குடியேறி 25 நாள். வாசலில் வினாடிக்கு 56 கி.மீ. வேகத்தில் விருந்தாளி. வால்நட்சத்திரத்தின் உடல் 1,40,000 கி.மீ. தள்ளிப் போகும் என்பது நிச்சயம். கவலை அதன் தூசியைப் பற்றி. அந்த வேகத்தில் ஒரு மணல் பொடி பட்டாலும் கலத்தின் கதை முடியும். இஸ்ரோ அக்டோபரில் மங்கள்யானின் பாதையைச் சற்றே திருத்தியது. நாஸாவும் தன் கலங்களைத் தூசி அதிகம் வரும் நேரத்தில் செவ்வாய்க்குப் பின்னால் ஒளித்தது. மழைக்குச் சுவரோரம் ஒதுங்குவது போலத்தான். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய மங்கள்யான் 2022 வரை தாக்குப்பிடித்தது.

செவ்வாயின் பக்கம் விழும் கற்களை இப்படி ரசித்துப் பேசலாம். பூமி என்றால் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. 2004 டிசம்பர் 27-ந் தேதி அப்போஃபிஸ் என்று பிற்பாடு பெயர் பெற்ற, 300 மீட்டருக்கு மேல் பெரிய ஒரு கல் 2029 ஏப்ரல் 13-ந் தேதி பூமியில் மோதுவதற்கு 37-ல் ஒரு பங்கு சாத்தியம் என்று கணக்கு சொன்னது. நாலைந்து நாளாக 300, 62, 42 என்று ஏறிக்கொண்டே வந்த எண் அது. விண்கல் அபாயத்தை அளக்கும் டொரினோ அளவுகோலில் 4 என்ற படி அதற்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் வேறெந்தக் கல்லும் அந்தப் படிக்குப் போனதில்லை. மனித வரலாற்றிலேயே பெரிய விண்கல் எச்சரிக்கை. அது உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்துபோன நாள். 27-ந் தேதி எங்கள் மேசையில் இருந்தவை நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்த பெயர்ப் பட்டியல்கள். வானத்தை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? அன்றே மார்ச் மாதத்துப் பழைய படங்களில் கல்லின் சுவடு கிடைத்து, 2029 பயமும் நீங்கிவிட்டது.

அந்த இரண்டு நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 25 வருடம் கழித்து விழக்கூடிய கல்லுக்குத் தினமும் எண் திருத்திக் கொடுக்க அன்று ஆளும் கருவியும் இருந்தன. சுமத்ராவில் பூமி அதிர்ந்து நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைச் சொல்ல இந்துமாக்கடலில் ஒரு மணி இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007 அக்டோபரில். இதற்காக வானத்தைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை என்பது யாரோ பணம் போட்டு, ஆள் போட்டு, தினமும் பார்த்தால்தான் உண்டு என்பதற்கு இரண்டும் சாட்சி. வானத்திலும் ஓட்டை உண்டு. 2013 பிப்ரவரி 15-ந் தேதி எல்லோரும் 27,700 கி.மீ. தூரத்தில் கடந்துபோகவிருந்த வேறொரு கல்லுக்காகக் காத்திருந்தார்கள். அது சொன்னபடி போயிற்று. அதற்குச் சில மணி நேரம் முன்பு, யாரும் எதிர்பாராத இன்னொரு கல், சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்து ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி சுமார் 1,500 பேருக்குக் காயம்.

செவ்வாய்க்கு நடந்த ஏற்ற இறக்கம் அச்சு மாறாமல் பூமிக்கு நடந்தது 2025-ல். 2024 டிசம்பர் 27-ந் தேதி சிலியில் உள்ள தொலைநோக்கி கண்டுபிடித்த கல்லுக்கு 2024 ஒய்.ஆர்.4 என்று பெயர். 2007 கல்லைவிடச் சற்றே பெரியது. இதுவும் பூமியைக் கடந்துபோன பிறகு அகப்பட்டதுதான். 2032 டிசம்பர் 22-ந் தேதி மோதும் சாத்தியம் ஜனவரி கடைசியில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. சர்வதேச எச்சரிக்கை வலைப்பின்னல் முதல்முறையாக அறிவிப்பு அனுப்பியது. பிப்ரவரி 18-ந் தேதி 3.1 சதவீதம். விழக்கூடிய பட்டை பசிபிக்கில் தொடங்கித் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. மும்பை, கொல்கத்தா பெயரெல்லாம் அடிபட்டன. நம் தொலைக்காட்சிகளில் பின்னணி இசையோடு ‘மோதும்’ வந்தது, ‘கூடும்’ வரவில்லை. ஒரு வாரத்துக்குள் எண் நூற்றில் ஒன்றின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ‘தப்பியது பூமி’ என்றார்கள். பூமி எதிலிருந்தும் தப்பவில்லை. பதினேழாம் நம்பர் வீட்டில் சாவி கிடைத்தது, அவ்வளவுதான். டீக்கடையில் ஒரு பெரியவர், “இவனுக இப்படித்தாங்க, பயங்காட்டிட்டு அப்புறம் இல்லேம்பானுக” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தது எங்கள் பிழைப்பு.

இதில் சொல் விளையாட்டைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 26-ந் தேதி நாஸாவின் டார்ட் கலம் டைமார்ஃபாஸ் என்ற குட்டிக் கோளில் வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் குறைத்தது. கல்லைத் தள்ளிவிட முடியும் என்று இப்போது தெரியும். ஆனால் தள்ளுவதானால் பல வருடம் முன்னதாகத் தள்ள வேண்டும். அதற்குக் கலம் கட்ட வேண்டும், ராக்கெட் வேண்டும், பல நாட்டு அரசுகள் உட்கார்ந்து பேசி ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்க வேண்டும். நூறு சதவீதம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். எண் ஐந்திலோ பத்திலோ நிற்கும்போதே முடிவெடுக்க வேண்டும். அதாவது, பெரும்பாலும் வீணாகப்போகிற செலவுக்கு ஜனங்கள் தலையாட்ட வேண்டும். வீட்டில் திருட்டு போகாத வருஷத்துக்கும் பூட்டு வாங்கியவர்கள்தானே நாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘மோதும்’ என்று எழுதி, ஒவ்வொரு தடவையும் ‘தப்பியது’ என்று முடித்துவைத்தால், அந்த நாளில் டீக்கடைப் பெரியவர் எதற்குத் தலையாட்டுவார்?

அப்படியானால் எந்தச் சொல்லைத்தான் போடுவது? ‘நிகழ்தகவு’ என்றே எழுதலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ‘கணினி’யும் ‘செயற்கைக்கோளும்’ ஒருகாலத்தில் கல்லாகத்தான் கடிபட்டன. ‘சுனாமி’யை ஒரே நாளில் கற்றுக்கொண்டோம், கொடுத்த விலைதான் அதிகம். 2025 ஜூனில், அதே ஒய்.ஆர்.4 நிலவில் மோதும் நிகழ்தகவு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட டிசம்பர் 28-ல் செவ்வாய்க்கு வந்த அதே எண். அந்தச் செய்தியை நான் தமிழாக்கியபோது, தலைப்பில் ‘நிலவில் மோதுமா?’ என்று கேள்விக்குறியோடு போட்டார்கள். கேள்விக்குறி ‘கூடும்’ அளவுக்கு இடம் அடைக்காது. ஓரளவு நியாயமும் இருக்கிறது. உள்ளே இரண்டாவது பத்தியில் ‘நிகழ்தகவு’ வெட்டுப்படாமல் வந்திருந்தது.

2007 டபிள்யூ.டி.5 என்ன ஆயிற்று என்று கேட்டால், 2008 ஜனவரி 9-ந் தேதிக்குப் பிறகு அதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. மங்கி மங்கித் தொலைநோக்கிக்கு எட்டாமல் போய்விட்டது. செவ்வாயை நெருங்கிப் போனபோது அதன் ஈர்ப்பு கல்லின் பாதையைக் கொஞ்சம் வளைத்திருக்கும். எவ்வளவு என்பது எவ்வளவு நெருங்கியது என்பதைப் பொறுத்தது. எனவே பழைய கணக்கை வைத்துக்கொண்டு தேட முடியாது. என்றாவது ஒரு ராத்திரி ஏதாவது ஒரு மலையில் அது புதிதாகத்தான் அகப்பட வேண்டும். அகப்பட்டால், பழைய கல்தான் என்று தெரியும்வரை அதற்கு வேறொரு நம்பர் கொடுப்பார்கள்.